பழகிக்கொள்ள வேண்டியவர் யார்? இணையவழி வகுப்பும் தென்சென்னைப் புறநகரின் தலித் மாணவர்களும்

2020 மார்ச் மாதத்தின் நடுவில் தமிழகத்தின் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களுக்குள் வகுப்புகள் கைப்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்தன. அப்போது மாணவர்களிடம் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்ட சொல் ஒன்று உண்டு: ‘பழகிக்கொள்ளுங்கள்.’ நேரத்தைத் திட்டமிடுங்கள், அமைதியான அறையில் அமருங்கள், நல்ல இணைப்பை உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று அறிவுரைகள் குவிந்தன. அந்த அமைதியான அறை எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

இந்தக் கட்டுரையில் நாம் அந்தக் கேள்வியைத் தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களையும் முன்வைத்து ஆராய்கிறோம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் தலித் மாணவருக்குக் கல்லூரி என்பது பாடம் மட்டுமன்று. அது படிப்பதற்கான இடமும் ஆகும். இணையவழிக் கல்வி பாடத்தை வீட்டுக்கு அனுப்பியது, இடத்தைப் பறித்துக்கொண்டது. அந்த இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பையும் மாணவர் தலையிலேயே சுமத்தியது. இதுவே நமது வாதம்.

காலவரிசை

தமிழகக் கல்லூரிகளின் வகுப்பறைகள் இறுதியாண்டு இளநிலை மாணவர்களுக்கு 2020 டிசம்பர் 7 அன்றும், ஏனைய மாணவர்களுக்கு 2021 பிப்ரவரி 8 அன்றும் திறக்கப்பட்டன. இரண்டாம் அலை தொடங்கிய நிலையில் மார்ச் மாத இறுதியில் மீண்டும் இணையவழிக்குத் திரும்பினோம். 2021 செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் மறுபடியும் திறந்தன. 2022 ஜனவரியில் மூன்றாவது அலையின்போது இன்னொரு முறை மூடப்பட்டு, பிப்ரவரியில் திறக்கப்பட்டன. 2019-இல் சேர்ந்த ஒரு மாணவரின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் கணிசமான காலம் திரைவழியே கழிந்தது.

கல்லூரி என்னும் இடம்

அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவம் இங்கு நினைவுகூரத்தக்கது. பம்பாயின் பரேல் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் ஒற்றை அறையில் அவரது குடும்பம் வாழ்ந்தது. சமையலும் உறக்கமும் படிப்பும் அந்த ஓர் அறைக்குள்தான். தந்தை இராம்ஜி மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, இரண்டு மணி வரை தாம் விழித்திருந்து, பின்னர் மகனைப் படிக்க எழுப்பிவிட்டு அவர் உறங்கிய இடத்தில் தாம் படுத்துக்கொள்வார் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். இல்லாத இடத்தைக் காலத்தைப் பங்கிட்டுக்கொள்வதன் மூலம் அந்தக் குடும்பம் உண்டாக்கிக்கொண்டது. நேரலை வகுப்பில் இந்த வழியும் அடைபட்டது. காலை ஒன்பது மணி வகுப்புக்கு ஒன்பது மணிக்கே அமர வேண்டும். அதே ஒன்பது மணிக்குத்தான் அந்த அறையில் மற்ற எல்லோரும் விழித்திருக்கிறார்கள்.

ஒடுக்கப்பட்டோர் கல்வி குறித்துச் சிந்தித்த நம் முன்னோடிகள் பள்ளியோடு சேர்த்து விடுதியையும் கேட்டது இதனால்தான். தாம்பரத்திலிருந்து சில நிலையங்களே தள்ளியுள்ள பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம்.சி.ராஜாவின் பெயரை இன்றும் சைதாப்பேட்டையின் அரசு ஆதிதிராவிடர் மாணவர் விடுதி தாங்கி நிற்கிறது. தமிழக அரசின் ஆதிதிராவிடர் நல விடுதிகள் மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. 2025 ஜூலையில் அரசின் மாணவர் விடுதிகள் அனைத்துக்கும் ‘சமூகநீதி விடுதிகள்’ எனப் பெயர் சூட்டப்பட்டது.

தாம்பரம் ஒரு கல்வி நகரமாக வளர்ந்ததிலும் விடுதிகளுக்குப் பங்குண்டு. 1937-இல் சென்னை நகரிலிருந்து கிழக்குத் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மூன்று உறைவிட அரங்குகளோடுதான் புதிய வளாகத்தை அமைத்தது. குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி., அதே பகுதியின் மகளிர் கல்லூரி, சேலையூர், பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரை பெருகிய சுயநிதி நிறுவனங்கள், பெரும்பாக்கத்தின் அரசு கலை அறிவியல் கல்லூரி என இந்தப் பகுதி, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டச் சேரிகளிலிருந்து புறநகர் மின்தொடர் வண்டியிலும் பேருந்திலும் வரும் மாணவர்களை ஈர்க்கிறது.

2020 மார்ச்சில் விடுதிகள் காலி செய்யப்பட்டபோது, அந்த மாணவர்கள் மின்விளக்கு, மேசை, நூலகம், மூன்று வேளை உணவு, உடன் படிக்கும் தோழர் ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் இழந்தனர். ‘வீட்டிலிருந்தே படிக்கலாம்’ என்ற சலுகை மொழியில் இந்த இழப்பு மறைக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பியவர்களில் பலர் குடும்பத்தின் வருவாய் நின்றுபோன நிலையில் கூலி வேலைக்குச் சென்றனர். மாணவியர் மீது வீட்டுவேலையும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் விழுந்தன. வருகைப் பதிவேட்டில் இவை எவற்றுக்கும் கட்டம் இல்லை.

ஓர் அறை வீட்டில் ஒரு வகுப்பறை

ஊர் திரும்பாத மாணவர்களின் நிலையும் வேறல்ல. சென்னை நகரின் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட மக்கள் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் ஆகிய இடங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். 2015 பெருவெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்தின் எட்டு மாடி அடுக்ககங்களுக்கு இடப்பெயர்ப்பு வேகம் பெற்றது. இன்று இவ்விடங்களில் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். கண்ணகி நகரின் தொடக்ககாலக் குடியிருப்புகளில் ஒரு வீட்டின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர அடி மட்டுமே. ஐந்து பேர் வாழும் அத்தகைய வீட்டில் ஒரு மாணவர் பல மணி நேரம் ஒலிவாங்கியைத் திறந்து வைத்து அமர்வது என்பது, மற்ற நால்வரையும் வாயடைத்து உட்கார வைப்பதாகும்.

இதற்கு நிழற்படக் கருவியின் கட்டாயமும் சேர்ந்தது. முகம் தெரிய வேண்டும் என்ற விதி, வீடும் தெரிய வேண்டும் என்ற விதியாக மாறியது. தன் முகவரியைக் கல்லூரியில் சொல்லத் தயங்கும் சூழல் நிலவும் ஒரு நகரத்தில், கண்ணகி நகர் என்றாலே குற்றப் பகுதி என்று முத்திரை குத்தும் ஒரு நகரத்தில், இந்த விதி எளிய நிர்வாக ஏற்பாடாக முடிந்துவிடுவதில்லை. திரையை அணைத்து வைத்த மாணவர் ‘ஆர்வமில்லாதவர்’ என்று பதிவானார். அவர் எதை மறைத்தார், ஏன் மறைத்தார் என்பதை எந்தப் பதிவேடும் கேட்கவில்லை.

கணக்கில் வராத கணக்கு

தொற்றுக்கு முந்தைய தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று (2017–18) இந்தியக் குடும்பங்களில் 10.7 விழுக்காட்டினரிடம் மட்டுமே கணினி இருந்ததாகவும், 23.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே இணைய வசதி இருந்ததாகவும் தெரிவித்தது. கிராமப்புறத்தில் கணினி 4.4 விழுக்காடு, இணையம் 14.9 விழுக்காடு. இணையவழி வகுப்புக்கு மாற முடிவெடுத்தவர்களின் மேசையில் இந்த எண்கள் ஏற்கெனவே இருந்தன.

தமிழகத்தில் 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஓரளவு காப்பாகத் திகழ்ந்தது. தொற்றுக் காலத்தில் அதன் வழங்கல் தடைப்பட்டது. மிகவும் தேவைப்பட்ட ஆண்டுகளில் கல்லூரிக்குள் நுழைந்தவர்களுக்கு அது கிட்டவில்லை. 2025–26 நிதிநிலை அறிக்கையில்தான் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கும் அறிவிப்பு வந்தது.

2021 ஜனவரியில் அன்றைய அரசு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர்களுக்கும், உதவித்தொகை பெறும் சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்குமாக 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு அட்டைகளை ஏப்ரல் வரை வழங்குவதாக அறிவித்தது. வரவேற்கத்தக்க நடவடிக்கை. ஆனால் இரண்டு கேள்விகள் எஞ்சின. வகுப்புகள் திரைக்கு மாறி ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் கழித்தே அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட மாதங்களின் செலவை யார் ஏற்றார்கள்? ஒரு மணி நேரக் காணொளி வகுப்பு, தரத்தைப் பொறுத்து அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை தரவை விழுங்கும். ஐந்து மணி நேர வகுப்புக்கு 2 ஜிபி எவ்வாறு போதும்?

உதவித்தொகையின் நிலை இதைவிட வெளிப்படையானது. 2012-ஆம் ஆண்டின் அரசாணை எண் 92, வருமான வரம்புக்கு உட்பட்ட பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரிகளின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது. பல தலித் குடும்பங்களுக்குக் கல்லூரி வாசலைத் திறந்த ஆணை இது. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டத்தை ஒன்றிய அமைச்சரவை 2020 டிசம்பரில் மாற்றியமைத்து, ஒன்றிய – மாநிலப் பங்கை 60:40 என நிர்ணயித்தது. அந்தப் புதிய வழிகாட்டுதலில் வீட்டிலிருந்து வரும் கலை அறிவியல் பட்ட மாணவருக்கான ஆண்டுப் படி 3,000 ரூபாய். அந்தத் தொகைக்குள் ஒரு திறன்பேசியும் ஓராண்டுத் தரவும் அடங்கா. கட்டணம் என்ற தலைப்பில் வராத செலவு, அரசின் கணக்கில் செலவே அல்ல என்றாகிவிட்டது.

இதன் விலையைச் சிலர் உயிரால் கொடுத்தனர். 2020 ஜூன் 1 அன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், தொலைக்காட்சி பழுதாகி இணைய வகுப்பில் சேர இயலாத தலித் பள்ளி மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில், தில்லியின் புகழ்பெற்ற கல்லூரி ஒன்றில் படித்துவந்த தெலங்கானாவின் ஏழைக் குடும்ப மாணவி இறந்தபோது, மடிக்கணினி இல்லாமை, தாமதமான உதவித்தொகை, காலி செய்யச் சொல்லப்பட்ட விடுதி ஆகிய மூன்றும் ஒருங்கே விவாதத்திற்கு வந்தன.

தேர்வு: கண்காணிக்கும் கருவியும் கூட்டு வாழ்வும்

2020 ஆகஸ்டு 26 அன்று தமிழக அரசு, தேர்வுக் கட்டணம் செலுத்திய மாணவர்களின் நிலுவைத் தாள்களை ரத்து செய்து அவர்களைத் தேர்ச்சி பெறச் செய்தது. தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்த்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. 2021 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்க மறுத்தது. இறுதியாண்டுத் தேர்வுகள் கட்டாயம் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 28 அன்று உறுதிசெய்திருந்தது. தரம் குறித்து எல்லோரும் பேசினர். எந்த நிலைமையில் தேர்வு எழுதப்படுகிறது என்பது தரத்தின் பகுதியாகக் கருதப்படவில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுபவம் இதில் பாடமாகும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் புறநகரின் பல பொறியியல் கல்லூரிகளும் இப்பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. 2020 நவம்பர் – டிசம்பர் பருவத்துக்குரிய தேர்வு 2021-இன் தொடக்கத்தில் மென்பொருள் கண்காணிப்புடன் இணையவழியில் நடத்தப்பட்டது. பார்வை விலகுவது, பின்னணியில் பேச்சு கேட்பது, வேறொருவர் சட்டகத்துக்குள் வருவது போன்றவற்றை முறைகேட்டின் அறிகுறியாகக் குறிப்பதே இத்தகைய மென்பொருளின் இயல்பு. முடிவுகள் வெளியானபோது ஏராளமானோர் தோல்வியுற்றதாகவும், பலரது முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டதாகவும் அறிந்து மாணவர்கள் கொந்தளித்தனர். 2021 மே மாதம் பொறுப்பேற்ற புதிய அரசு மறுதேர்வை அறிவித்தது. தனி அறை உள்ளவரை நேர்மையானவர் என்றும், கூட்டு வாழ்வு வாழ்பவரை ஐயத்துக்குரியவர் என்றும் கருதும் ஒரு கருவி, சாதியின் பெயரை அறியாமலேயே சாதியின் வேலையைச் செய்துவிடும்.

திரைக்குள் நுழைந்த சாதி

பெயர் அறியாமல் நிகழ்ந்தது ஒருபுறம் இருக்க, பெயர் சொல்லியே நிகழ்ந்ததும் உண்டு. 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் இணையவழி வகுப்பில், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பில் பேராசிரியர் ஒருவர் மாணவர்களை இழிவாகப் பேசிய காணொளி நாடெங்கும் பரவியது. அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். வகுப்பறைச் சுவர்களுக்குள் பன்னெடுங்காலமாக நிகழ்ந்துவந்த ஒன்று, இம்முறை பதிவாகிவிட்டது என்பதே வேறுபாடு.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் அறிந்திருக்க வேண்டிய சட்ட நிலை இது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள், பொதுப் பார்வைக்குரிய இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. இணையவெளி பொதுப் பார்வைக்குரிய இடமா என்ற கேள்விக்கு, இணையத்தில் வெளியான ஒரு நேர்காணல் தொடர்பான வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் ‘ஆம்’ என விடையளித்தது. பலர் பங்கேற்கும் இணைய வகுப்புக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும் என வாதிட இடமுண்டு. எனவே பதிவு, திரைப்பிடிப்பு, தேதி, நேரம், பங்கேற்றோர் பட்டியல் ஆகியவற்றை உடனே சேமித்து வைக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையத்தையும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரையும் கோரின. உங்கள் கல்லூரியில் அவர் யார் என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566.

முடிந்துபோன கதை அல்ல

தொற்று ஓய்ந்தது; இணையவழிக் கல்வி ஓயவில்லை. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ தளத்தின் வழியே பயில 2021-ஆம் ஆண்டின் விதிமுறைகள் அனுமதிக்கின்றன. தமிழகத்தில் 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பாடங்களில் பலவும் இணையத்தையே சார்ந்துள்ளன.

புறநகருக்கு மழையும் ஒரு காரணம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எனத் தென்புறநகரின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின. பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நாள்கணக்கில் அற்றுப்போயின. மழை விடுமுறை நாளை இணைய வகுப்பால் ஈடுசெய்யும் கல்லூரி, மேட்டுப்பகுதி மாணவருக்கு வகுப்பையும் தாழ்வான பகுதி மாணவருக்கு வருகைக் குறைவையும் தருகிறது. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் மீள்குடியேற்றக் குடியிருப்புகளைக் கட்டியவர்கள் யார் என்பதையும் இத்துடன் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேட்கத்தக்கவை

நீதிமன்றங்கள் சில படிக்கற்களை அமைத்துள்ளன. கல்லூரி விடுதியில் கைப்பேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்த மாணவியின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்றது. தில்லி உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில், நலிந்த பிரிவுப் பள்ளி மாணவர்களுக்குக் கருவியும் இணையமும் வழங்க ஆணையிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், எண்மச் சேவைகளை அணுகுவதை அரசியலமைப்பின் 21-ஆவது உறுப்போடு இணைத்துப் பேசியது. இவற்றின் துணையோடு மாணவர் பேரவைகள் எழுத்துப்பூர்வமாக முன்வைக்கத்தக்க கோரிக்கைகளாக நாம் கருதுபவை:

1. நேரலை வகுப்பு ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். குறைந்த தரவில் கேட்கத்தக்க ஒலி வடிவமும் பாடக்குறிப்பும் அன்றே கிடைக்க வேண்டும். காணொளியை ஒப்பிட ஒலி வடிவத்தின் தரவுச் செலவு மிகச் சிறிது.

2. நேரலையில் இருந்ததை வைத்து வருகை கணக்கிடப்படக் கூடாது. ஒப்படைப்பு, விவாதம், குறிப்பு ஆகியவையும் வருகையாக ஏற்கப்பட வேண்டும்.

3. முகம் காட்டுதல் கட்டாயமாகக் கூடாது.

4. வகுப்பு இணையவழிக்கு மாறினாலும் விடுதி, நூலகம், கணினிக்கூடம் ஆகியவை தேவைப்படுவோருக்குத் திறந்திருக்க வேண்டும்.

5. கருவிக்கும் தரவுக்கும் ஆகும் செலவு உதவித்தொகையில் தனித் தலைப்பாக, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வழங்கப்பட வேண்டும்.

6. தேர்வை மென்பொருள் மட்டும் கண்காணித்துத் தீர்ப்பளிக்கக் கூடாது. ‘முறைகேடு’ எனக் குறிக்கப்பட்டவருக்கு விளக்கமளிக்கும் வாய்ப்பும் மனிதரின் மறுபரிசீலனையும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

இவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. கேரளத்தின் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறை, மாணவர் வாழும் வீட்டோடு 120 சதுர அடியில் ஒரு படிப்பறை கட்ட 2 லட்சம் ரூபாய் வழங்கும் திட்டத்தை நடத்திவருகிறது. படிப்பதற்கான இடம் தனிக் குடும்பத்தின் பிரச்சினை அன்று, அரசின் கடமை என்று அத்திட்டம் ஏற்றுக்கொள்கிறது. அடுக்ககங்களில் அறை கூட்டிக் கட்ட இயலாது. ஆயின் ஒவ்வொரு தொகுதியிலும் இரவு முழுவதும் திறந்திருக்கும் பொதுப் படிப்பறை ஒன்றை, மின்கலக் காப்புடனும் இலவச இணையத்துடனும் அமைக்க இயலும். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் ‘முதல்வர் படைப்பகம்’ திறக்கப்பட்டது. அத்தகைய இடம் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும், 2021-இல் மாநகராட்சியான தாம்பரத்தின் ஒவ்வொரு மண்டலத்திலும் தேவை.

தலித் மாணவர்கள் பழகிக்கொள்ளாமல் இல்லை. மாடிப்படியில் அமர்ந்து வகுப்பு கேட்டவர்களும், ஒரே கைப்பேசியை மூவர் பகிர்ந்து தேர்வு எழுதியவர்களும் இன்று பட்டதாரிகளாக நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் மனவுறுதியைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. பரேலின் ஒற்றை அறையில் இராம்ஜி தம் உறக்கத்தை மகனுக்குக் கொடுத்து நூறாண்டுக்கும் மேலாகிவிட்டது. இன்னொரு தந்தை அவ்வாறு விழித்திருக்கத் தேவையில்லாத நிலையை உருவாக்குவதே கல்லூரிகளும் அரசும் பழகிக்கொள்ள வேண்டிய பாடம்.